ராணுவ ஜீப் என்ன விலை?

புத்தம் புதிய ஜீப் 740 டாலர். ஓடித் தேய்ந்த ஜீப் 300 பவுண்டு. ஒரே வண்டிக்கு அரசாங்கங்கள் கொடுத்த வெவ்வேறு விலைகளின் கதை.

பழைய கார் கண்காட்சிகளில் ரோல்ஸ் ராய்ஸும் பியூக்கும் பளபளவென்று நிற்கும். ஆனால் கூட்டம் மொய்ப்பது ஓரமாக நிற்கும் ஆலிவ் பச்சை ஜீப்பைச் சுற்றித்தான். "ஃபோர் வீல் இன்னும் வேலை செய்யுதா?", "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?", "இப்ப வித்தா என்ன விலைக்குப் போகும்?" என்று உரிமையாளரைக் கேள்விகளால் துளைத்தெடுப்பார்கள். அபூர்வமாக ஒருவர்தான் வேறு மாதிரி கேட்பார். "இது புதுசா இருந்தப்போ கவர்மென்ட் என்ன விலை குடுத்து வாங்கியிருக்கும்?"

கேட்க எளிதான கேள்வி. பதில் அத்தனை எளிதல்ல. ஷோரூம் காருக்கு விலைப்பட்டியல் உண்டு. ராணுவ வண்டிக்கு இருப்பது ஒப்பந்தம் மட்டுமே. எத்தனை வண்டி, எத்தனை நாளில், எத்தனை பேர் போட்டியிட்டார்கள், பணம் எப்போது கைமாறியது, வந்த வண்டியை யார் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து அதே இரும்பும் அதே இன்ஜினும் வேறு வேறு விலைக்குப் போகும். இதற்கு ஜீப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் பதிவேடுகளில் அதன் முறையான பெயர் 'டிரக், கால் டன், 4x4'. அந்தக் குட்டி டிரக் பிறந்தது பென்சில்வேனியாவில். அதை முன்னிட்டு வெடித்த ஊழல் குற்றச்சாட்டு லண்டனில் தொடங்கி டெல்லி நாடாளுமன்றத்தை உலுக்கியது.

முதல் 70 வண்டி

1940-ஆம் ஆண்டு கோடைக்காலம். பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்துவிட்டது. குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாற்றாக ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி உடனே வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் முடிவு செய்தது. 135 நிறுவனங்களுக்கு அழைப்பு போனது. நிபந்தனைகளைப் பார்த்தவர்கள் மிரண்டார்கள். முதல் மாதிரி வண்டி 49 நாளில் வந்தாக வேண்டும். மொத்தம் 70 வண்டிகள்.

களத்தில் இறங்கியவை அமெரிக்கன் பாண்டம், வில்லிஸ் ஓவர்லாண்ட் என்ற இரண்டு நிறுவனங்கள்தான். இரண்டுமே நல்ல நிலையில் இல்லை. பாண்டம் குட்டிக் கார்கள் செய்து விற்கமுடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற டெட்ராய்ட் பொறியாளரை வரவழைத்து, சில நாள்களில் வரைபடங்களை முடித்து டெண்டர் போட்டது. விலையில் வில்லிஸ்தான் குறைவாகக் கேட்டிருந்தது. ஆனால் 49 நாளில் தர இயலாது, கூடுதல் அவகாசம் வேண்டும் என்றது. தாமதத்துக்கான அபராதத்தையும் சேர்த்துக் கூட்டியபோது கணக்கு பாண்டத்தின் பக்கம் சாய்ந்தது. அவசரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அரசாங்கம் அப்போதே ஒப்புக்கொண்டிருந்தது.

1940 செப்டம்பர் 23 மாலை, கெடு முடிய அரை மணி நேரமே இருக்கும்போது, பாண்டத்தின் முதல் வண்டி மேரிலாண்டில் இருந்த ஹோலாபேர்ட் முகாமுக்குள் நுழைந்தது. 70 வண்டிகளுக்கும் ஒப்பந்தத் தொகை 1,71,185 டாலர் 75 சென்ட். வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டி ஏறத்தாழ 2,445 டாலர். அந்த நாளில் அமெரிக்காவில் எண்ணூறு டாலர் இருந்தால் ஒரு குடும்பம் புதிய ஷெவர்லே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கதவும் கூரையும் இல்லாத வண்டிக்கு மூன்று கார் விலை!

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனவர்களுக்குத் தெரியும், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளாக் செலவு ஒன்றுதான். வரைபடம், அச்சு, சோதனை, கையால் தட்டிச் செய்த பாகங்கள் என எல்லாச் செலவும் அந்த 70 வண்டிகளின் தலையில்தான் விழுந்தது.

740 டாலர் வந்த வழி

பாண்டம் செய்த வண்டியை ராணுவத்துக்குப் பிடித்துப்போனது. அந்த நிறுவனத்தின் உற்பத்தித் திறன் மேல்தான் நம்பிக்கை வரவில்லை. அதன் வரைபடங்களை வில்லிஸும் ஃபோர்டும் பார்க்க விட்டது. மூன்று பேரும் ஆளுக்கு 1,500 வண்டி செய்து காட்டட்டும் என்றது.

பாண்டம், ஃபோர்டு வண்டிகளின் இன்ஜின்கள் 45 குதிரைத்திறன் அளவில் நின்றன. ஃபோர்டு பயன்படுத்தியது தன் டிராக்டர் இன்ஜினின் மாற்று வடிவத்தை. வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் ஏற்கெனவே தங்கள் காரில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைச் செதுக்கிச் செதுக்கி 60 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்திருந்தார். பலம் இருந்தது, ஆனால் எடை அதிகம். ராணுவம் வைத்த வரம்பு 2,160 பவுண்டு. ரூஸின் ஆட்கள் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டார்கள். தேவைக்கு மேல் நீண்டிருந்த போல்ட்டுகளைக் குட்டையாக்கினார்கள். பெயிண்ட்டைக்கூட விடவில்லை, ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு கோட் அடித்திருந்தால் வரம்பு தாண்டியிருக்கும் என்று சொல்வார்கள்.

1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கு டெண்டர் திறக்கப்பட்டது. வில்லிஸ் கேட்டது ஒரு வண்டிக்கு 740 டாலர் அளவில். மூவரில் அதுதான் குறைவு. ஆனாலும் ராணுவக் கொள்முதல் அதிகாரிகளுக்கு மனம் ஃபோர்டு பக்கமே இருந்தது. பெரிய கம்பெனி, சொன்ன தேதிக்குச் சரக்கு வரும் என்பது அவர்கள் வாதம். அப்போது அரசின் உற்பத்தி மேலாண்மை அலுவலகத்தை நடத்திய வில்லியம் நட்சன் குறுக்கே நின்றார். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்தவர், தொழிற்சாலையின் சூட்சுமம் தெரிந்தவர். குறைந்த விலை கேட்டவனுக்குச் செய்துதரும் திறனும் இருக்கும்போது அவனைத் தாண்டிப் போக முடியாது என்பது அவர் நிலை. ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது.

பத்து மாதத்தில் 2,445 டாலர் 740 ஆனது எப்படி? எண்ணிக்கை 70-லிருந்து 16,000 ஆனது முதல் காரணம். இரண்டாவது, வில்லிஸ் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. ஆக்சில் ஸ்பைசரிடம், கியர்பாக்ஸ் வார்னரிடம், சேஸிஸ் மிட்லாண்ட் ஸ்டீலிடம் என ஏற்கெனவே லட்சக்கணக்கில் பாகம் செய்து பழகியவர்களிடம் வாங்கிப் பூட்டியது. மூன்றாவது, ஒஹையோ மாநிலம் டொலிடோவில் இருந்த அதன் ஆலை வேலைக்குக் காத்துக்கிடந்தது. 1933-இல் திவாலாகி மீண்ட கம்பெனி, இந்த ஆர்டருக்காக லாபத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மூவர் போட்டி போட்ட டெண்டரில் மட்டுமே இப்படிப்பட்ட விலை வரும்.

இன்றைய பண மதிப்பில் அந்த 740 டாலர் ஏறத்தாழ 16,000 டாலர்.

ஒரே வண்டி, இரண்டு விலை

இதோடு முடிந்திருந்தால் கணக்கு சுலபம். ஆனால் ஒரே ஊரில் ஒரே ஆலையை நம்பிப் போர் நடத்த முடியுமா? தீ விபத்து, வேலைநிறுத்தம், நாசவேலை என எது நடந்தாலும் ஜீப் வரத்து நின்றுவிடும். எனவே வில்லிஸின் வரைபடத்தையே ஃபோர்டிடம் கொடுத்து, நட்டு போல்ட்டு வரை அச்சு அசலாகச் செய்யச் சொன்னது அரசு. 1941 நவம்பரில் 15,000 வண்டிகளுக்கு ஃபோர்டுடன் போட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 1.46 கோடி டாலர். வண்டி ஒன்றுக்கு 975 டாலர் வருகிறது. ஒரே வரைபடம், ஒரே இன்ஜின், ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்தும். விலையில் மட்டும் 200 டாலருக்கு மேல் வித்தியாசம். இரண்டாவது ஆலை கையில் இருக்கிறது என்ற நிம்மதிக்காக அமெரிக்க அரசு கட்டிய காப்பீட்டு பிரீமியம் என்றே அதைக் கொள்ளலாம்.

ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. வில்லிஸ் ஜீப்பின் முன்பக்கக் கிரில், இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெல்டிங் செய்து உருவாக்கியது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தால் வேலை மிச்சம், எடை மிச்சம், காசு மிச்சம் என்று ஃபோர்டு செய்து காட்டியது. பிறகு வில்லிஸும் அதற்கே மாறியது. இன்று நாம் 'ஜீப் முகம்' என்று சொல்வது அப்படிச் செலவுக் குறைப்பில் வந்த முகம்.

கூடவே, தான் செய்த பாகங்களில் எல்லாம் ஃபோர்டு தன் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. போல்ட் தலையில்கூட. எண்பது ஆண்டு கழித்து, ஃபோர்டு ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கும் ரசிகர்கள் அந்த 'எஃப்' போல்ட்டுக்காகப் பழைய இரும்புக் கடை கடையாக அலைகிறார்கள். துருப்பிடித்த தலையைக் கம்பி பிரஷால் தேய்த்து, எழுத்து தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தெரிந்தால் அதற்குத் தனி விலை.

போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000 ஜீப்புகளைச் செய்து தள்ளின. முதல் வண்டியைப் பெற்றெடுத்த பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு ஜீப்பின் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்யப் போய்விட்டது.

கொடுத்த விலையைத் திரும்பக் கேட்ட அரசு

போர்க்காலத்தில் விலை ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிதல்ல. முதல் உலகப் போரில் அமெரிக்கா கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. 'ஆன செலவு எவ்வளவோ, அதன் மேல் இத்தனை சதவீதம் லாபம்' என்பது அன்று பரவலாக இருந்த ஒப்பந்த முறை. செலவு கூடக் கூட லாபமும் கூடும் என்றால் எந்த முதலாளி சிக்கனம் பிடிப்பான்? இரண்டாம் உலகப் போரில் அந்தச் சதவீத முறைக்குச் சட்டப்படி தடை வந்தது. முன்கூட்டியே பேசி முடித்த விலை, அல்லது செலவோடு ஒரு நிலையான கட்டணம் என்ற இரண்டு வழிகளே நின்றன.

1941 மார்ச்சில், மிசௌரி செனட்டர் ஹாரி ட்ரூமன் தலைமையில் பாதுகாப்புச் செலவை ஆராய ஒரு செனட் குழு அமைந்தது. தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை வெறும் 15,000 டாலர். ஜீப்பின் அன்றைய விலையில் இருபது வண்டி வாங்கும் காசு. அந்தக் குழு ராணுவ முகாம்களிலும் ஆலைகளிலும் நுழைந்து கணக்குக் கேட்ட வேகத்தில்தான் ட்ரூமன் நாடறிந்த பெயரானார். பின்னாளில் துணை ஜனாதிபதி, ஜனாதிபதி.

1942 ஏப்ரலில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட போர் ஒப்பந்தங்களை, கையெழுத்தான பிறகும், சரக்கு வந்த பிறகும் மறுபடி பேசலாம். லாபம் அளவுக்கு மீறிப் போயிருந்தால் திரும்ப வாங்கலாம். கேட்க அடாவடியாகத் தோன்றும். ஆனால் நியாயம் இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இந்த வண்டிகளை அதுவரை யாரும் செய்ததில்லை. முதலில் போட்ட மதிப்பீடு ஊகம்தான். ஆயிரக்கணக்கில் ஓடத் தொடங்கியதும் உண்மைச் செலவு சரிந்தது. அந்தச் சரிவின் பலன் கம்பெனிக்கு மட்டும் போகக் கூடாது என்றது அரசு. ஆக, ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணைக்கூட இறுதி விலை என்று சத்தியம் செய்ய முடியாது. வண்டி இத்தாலியிலோ பர்மாவிலோ சேற்றில் உருண்டுகொண்டிருக்கும்போது அதன் விலை வாஷிங்டனில் குறைந்துகொண்டிருக்கலாம்.

பெரிய டிரக்குகளிலும் இந்தச் சிக்கனம் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டரை டன் லாரி ஐந்தரை லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. நார்மண்டியில் இறங்கிய படைகளுக்கு 1944 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பெட்ரோலும் குண்டும் சுமந்து இரவு பகலாக ஓடிய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' தொடரணிகளின் முதுகெலும்பு அதுதான். அந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். போர் நடுவே அந்த லாரியின் இரும்பு கேபின் போய்க் கேன்வாஸ் கூரை வந்தது. பின்பக்கத் தொட்டி மரத்துக்கு மாறியது. இரும்பு மிச்சமானது, கப்பலில் அடைக்கும் இடமும் மிச்சமானது. கடல் கடந்து போகும் வண்டிக்குக் கப்பலில் அது பிடிக்கும் இடமும் விலையில் ஒரு பங்குதான்.

50 டாலர் ஜீப்: நம்பி ஏமாந்தவர்கள்

போர் முடிந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் 'ராணுவ ஜீப் 50 டாலருக்கு' என்ற விளம்பரங்கள் முளைத்தன. பணம் அனுப்பியவர்களுக்கு வந்தது ஜீப் அல்ல. உபரிப் பொருள்களை அரசிடம் எப்படி வாங்குவது என்று விளக்கும் ஒரு துண்டுப் புத்தகம். பெட்டிக்குள் கிரீஸ் தடவி வைத்த புதிய ஜீப் 50 டாலருக்குக் கிடைத்தது என்ற கதை இன்றும் உலகம் முழுக்க உலவுகிறது. பார்த்த ஆள்தான் கிடைக்கவில்லை.

கடல் கடந்து போன ஜீப்புகளில் பெரும்பாலானவை ஊர் திரும்பவே இல்லை. ஏற்றி வரும் கப்பல் செலவுக்குக் கட்டுபடியாகாது என்று அங்கங்கே விற்கப்பட்டன. பிலிப்பைன்ஸ்காரர்கள் அவற்றை நீட்டி, வண்ணம் பூசி 'ஜீப்னி' ஆக்கினார்கள். உலகம் முழுக்க உபரி ஜீப்பை வாங்கி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழிலின் வலையில் புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற ஒரு நாடும் போய் விழுந்தது.

லண்டனில் போட்ட ஒப்பந்தம்

1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியது. பிரிவினையில் பங்கு பிரிந்து நின்ற இந்திய ராணுவத்துக்கு வண்டிப் பஞ்சம். உடனே ஜீப் வேண்டும். வாங்கும் பொறுப்பு லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனனிடம் வந்தது. 1948-இல் அவர், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய். வாங்கியது புதிய வண்டி அல்ல, பழுது பார்த்த பழைய ஜீப்.

இங்கே ஒரு கணக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்று இதைப் பற்றி எழுதும் பலரும் '80 லட்சத்துக்கு 200 ஜீப்' என்றே எழுதிவருகிறார்கள். அப்படியானால் ஒரு பழைய ஜீப் 40,000 ரூபாய். அன்றைய பணத்தில் அது கற்பனைக்கும் எட்டாத தொகை. ஒப்பந்த விலை ஜீப் ஒன்றுக்கு 300 பவுண்டு. அன்று ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் சொச்சம். 300 பவுண்டு என்பது 4,000 ரூபாய். 80 லட்சத்தை 4,000-ஆல் வகுத்தால் 2,000 ஜீப். ஒரு சைபர் எங்கேயோ உதிர்ந்து, எழுபது ஆண்டுகளாக உதிர்ந்தபடியே அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சைபரைச் சரிசெய்தால் ஊழல் குற்றச்சாட்டு கரைந்துவிடுமா? இல்லை, இன்னும் துல்லியமாகிறது. அன்று ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். 300 பவுண்டு ஏறத்தாழ 1,209 டாலர். 1941-இல் அமெரிக்க ராணுவம் புத்தம் புதிய ஜீப்புக்குக் கொடுத்த 740 டாலரை, இடையில் ஏறிய விலைவாசியோடு சேர்த்து 1948-க்குக் கொண்டுவந்தால் 1,200 டாலர் சொச்சம் வருகிறது. 1945-இல் வில்லிஸ் பொதுமக்களுக்கென்று விற்கத் தொடங்கிய புதிய ஜீப்பின் விலையே 1,090 டாலர் அளவில்தான். ஆக, போரில் ஓடித் தேய்ந்த வண்டிக்கு இந்தியா கொடுக்க ஒப்புக்கொண்டது புது வண்டியின் விலை. எதிர்க்கட்சிகள் அன்று கேட்டதும் இதைத்தான்.

விலையைவிட மோசம், விலைக்குப் பின்னால் இருந்த நிபந்தனைகள். சரக்கு தர ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் மூலதனம் வெறும் 605 பவுண்டு. மூன்று ஜீப் வாங்கக்கூடக் காணாத காசு. தொகையில் 65 சதவீதத்தைச் சோதனைச் சான்றிதழ் கையில் வந்ததுமே கொடுத்துவிட வேண்டும். சோதனையோ பத்தில் ஒரு வண்டிக்குத்தான். 155 ஜீப்புகள் இந்தியாவுக்கு வந்து இறங்கின. ராணுவம் பார்த்து, உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டது. அந்த நட்டத்தை ஈடுகட்டுவதாகச் சொல்லி இன்னொரு நிறுவனத்தோடு 1,007 ஜீப்புகளுக்கு இரண்டாவது ஒப்பந்தம். இம்முறை விலை 458 பவுண்டு, சுமார் 6,100 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை 49.

மேனனுக்காகப் பேசியவர்கள், போர் நெருக்கடியில் உலகச் சந்தையில் கிடைத்ததைத்தான் வாங்க முடியும் என்றார்கள். அவர் தன் பைக்குப் பணம் எடுத்தார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 1955 செப்டம்பரில், இந்த விவகாரம் முடிந்தது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப பந்த் அறிவித்தார். எதிர்க்கட்சிகளுக்குத் திருப்தி இல்லையென்றால் தேர்தலில் பேசிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரானார்.

அவசரம் பாண்டத்துக்கும் இருந்தது, லண்டனுக்கும் இருந்தது. ஹோலாபேர்டில் வண்டியை மைல் கணக்கில் அடித்து ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த ஆர்டர் போனது. லண்டனில் பெரும்பகுதிப் பணம் காகிதத்தைப் பார்த்தே போகும்படி எழுதிக்கொடுக்கப்பட்டது.

சக்திமான்: நாமே செய்தால்?

1957-இல் மேனன் பாதுகாப்பு அமைச்சராக வந்தார். வெளியே கையேந்தக் கூடாது, நமக்கான ராணுவ வண்டியை நாமே செய்வோம் என்பது அவர் கொள்கை. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் சக்திமான் லாரி உருவானது. 1959-இல் முதல் வண்டி வெளியே வந்தது. ஜப்பானின் நிசான் உரிமத்தில் ஒரு டன் டிரக்கும், நிசான் பேட்ரோலை வைத்துச் செய்த ஜோங்காவும் அடுத்தடுத்து வந்தன. 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் முதலெழுத்துகள்தான் ஜோங்கா. 1969-இல் இவற்றுக்கென்றே ஜபல்பூரில் தனி வாகனத் தொழிற்சாலை எழுந்தது.

1962 சீனப் போரில் தோற்றபோது, ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி பெர்கொலேட்டர் செய்து நேரத்தை வீணடித்தார் என்று மேனனைக் கேலி செய்தார்கள். சக்திமானோ 1990-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியானது. பனிமலையில் ஏறியது, ராஜஸ்தான் மணலில் புதைந்து எழுந்தது. ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எந்த முன்னாள் வீரரைக் கேட்டாலும் சக்திமானின் ஸ்டியரிங் கனத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்.

ஆனால் விலைக் கேள்வியில் அரசுத் தொழிற்சாலை வேறு வகைச் சிக்கல். விற்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு. டெண்டர் கிடையாது, போட்டி கிடையாது. மூலப்பொருள், கூலி, ஆலையின் பொதுச் செலவு மூன்றையும் கூட்டி ஒரு வழங்கு விலை போடுவார்கள். லாபம் வைக்கவில்லை என்பது உண்மை. அதனாலேயே விலை மலிவு என்று ஆகிவிடாது. ஆர்டர் குறைந்த ஆண்டில் ஆலையின் மொத்தச் சுமையும் குறைந்த வண்டிகள் மேல் ஏறும். 740 டாலருக்கு வில்லிஸை இறங்கவைத்த அழுத்தம் அங்கே யாருக்கும் இல்லை. 1990-களின் பிற்பாதியில் சக்திமானின் இடத்தைச் சென்னை அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் டாடாவின் டிரக்கும் பிடித்தன. அவற்றின் உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டும் இடமாக ஜபல்பூர் மாறியது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, ஜபல்பூர் வாகன ஆலை ஆவடியில் தலைமையகம் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது.

ஏலத்தில் தலைகாட்டும் பழைய விலை

வண்டி புதிதாக இருந்தபோது அரசு கொடுத்த விலை, வண்டி கழிக்கப்படும் நாளில்தான் பொதுமக்கள் கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் ராணுவம் கழித்த பொருள்களின் பட்டியலில் 'முதல் கொள்முதல் மதிப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். காவல் துறைகளுக்குப் பழைய ராணுவத் தளவாடங்களைக் கொடுக்கும் திட்டத்திலும் கணக்கு அந்த மதிப்பில்தான். வாங்கிய ஆண்டின் விலை அது. தேய்மானம் கழிக்கப்படவில்லை, விலைவாசி சேர்க்கப்படவில்லை. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 'இத்தனை கோடிப் பொருள்' என்று தலைப்புப் போடுவது பாதி உண்மைதான்.

ஜீப்பின் வாரிசுகளில் ஒன்றான ஹம்வீயை எடுத்துக்கொள்வோம். 1983-இல் 55,000 வண்டிகளுக்கு ஒப்பந்தம் 120 கோடி டாலர். சராசரி சுமார் 21,800 டாலர். 1941 ஜீப்பின் விலையை 1983-க்குக் கொண்டுவந்தால் 5,000 டாலர்தான் வரும். நான்கு மடங்குக்கும் மேல் என்று அதிர்ச்சி அடையத் தேவையில்லை. ஹம்வீ சுமப்பது ஒரு டன்னுக்கும் மேல். ஒப்பிட வேண்டியது ஒரு வண்டியின் விலையை அல்ல, ஒரு டன் சுமக்கும் விலையை. இடையில் வந்த எம்-151 என்ற வாகனமோ வளைவில் கவிழும் சுபாவம் கொண்டது. அதை ஓடும் நிலையில் பொதுமக்களுக்கு விற்கவே ராணுவம் தயங்கியது. துண்டு துண்டாக வெட்டி இரும்பு விலைக்குப் போட்டது. கொள்முதல் விலை எதுவாக இருந்தாலும் கடைசி விலை கிலோ கணக்கு.

நம் ஊரில் ராணுவ வண்டி 'கண்டம்' ஆனதும் எம்.எஸ்.டி.சி. இணைய ஏலத்துக்கு வரும். மலையடிவார ஊர்களில் இதற்கென்றே கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. ராணுவ நம்பர் பலகையில் மேல் நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதை அடுத்து வரும் இலக்கங்கள் வண்டியை ராணுவம் வாங்கிய ஆண்டு. '87' என்றால் 1987. ஏலம் எடுக்கப் போகிறவர் முதலில் தேடுவது அதைத்தான். பிறகு சேஸிஸில் விரிசல், டிரான்ஸ்ஃபர் கேஸில் கசிவு. அரசு அதை என்ன விலைக்கு வாங்கியது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. உதிரி பாகம் கிடைக்குமா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு கிடைக்குமா என்பதுதான் கவலை.

மறுபக்கம், ரசிகர்களின் சந்தை. 2019-இல் மகேந்திர சிங் தோனி பழைய ஜோங்கா ஒன்றை வாங்கி ராஞ்சி தெருவில் ஓட்டியதும், அதுவரை புளியமரத்தடியில் கிடந்த ஜோங்காக்களின் உரிமையாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கழித்துவிட்ட அரசு, இரும்பாக எடுத்தவர், மோகத்தில் வாங்கியவர் என்று ஒரே வண்டிக்கு மூன்று விலை.

விலை ஒரு பார்வையில்

1940: பாண்டம், முதல் 70 வண்டி. ஒன்று ஏறத்தாழ 2,445 டாலர்.
1941 ஜூலை: வில்லிஸ், 16,000 வண்டி. ஒன்று 740 டாலர் அளவில்.
1941 நவம்பர்: ஃபோர்டு, 15,000 வண்டி. ஒன்று ஏறத்தாழ 975 டாலர்.
1945: வில்லிஸ், பொதுமக்களுக்கான புதிய ஜீப். 1,090 டாலர் அளவில்.
1948: இந்தியா ஒப்புக்கொண்ட பழைய ஜீப். 300 பவுண்டு, 4,000 ரூபாய்.
1983: ஹம்வீ, 55,000 வண்டி. சராசரி 21,800 டாலர்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ராணுவக் கொள்முதல் என்றாலே நம்மூரில் இரண்டு எதிர்வினைதான். ஒன்று, தேசப் பாதுகாப்பு, கேள்வி கேட்காதே. இரண்டு, எல்லாமே கொள்ளை. ஜீப்பின் கதை இரண்டையும் ஏற்கவில்லை. போர் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்க செனட் கணக்குக் கேட்டது, கொடுத்த பணத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கச் சட்டம் போட்டது. அதனால் போர் நின்றுவிடவில்லை. இன்னொரு பக்கம், 2,445 டாலர் என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பாண்டத்தைக் கொள்ளைக்காரன் என்றிருப்போம், 740 டாலருக்கு ஜீப் கிடைத்திருக்காது.

விலையைப் பற்றிய அடுத்த சர்ச்சை வெடிக்கும்போது, தொகையை விட்டுவிட்டு நான்கு கேள்விகளை முன்வைக்கலாம். எத்தனை வண்டி? எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? எத்தனை வண்டியை ஓட்டிச் சோதித்தார்கள்? சோதனைக்கு முன்பே எவ்வளவு பணம் போனது? 1948 ஒப்பந்தத்தில் கடைசி இரண்டு கேள்விகளை லண்டனில் ஒருவர் கேட்டிருந்தாலே போதும், கையெழுத்து விழுந்திருக்காது. முதல் கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 200 ஜீப் என்ற எண் எழுபது ஆண்டு நிலைத்திருக்காது. அந்த வகுத்தல் கணக்குக்கு நான்காம் வகுப்புப் படிப்பு போதும்.